சாவி என் பையில் இருந்தது

இதைப் படிக்கிற சகோதரிகளுக்கும், மனைவி வற்புறுத்துவதால் படிக்கப்போகிற சகோதரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

கடந்த அக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் விழுந்தேன். நாகல் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் இருக்கும் முருங்கை இலைக் கூடத்தின் வாசலில் விழுந்தேன். மயங்கி விழவில்லை. மயங்கியிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். கண் திறந்தே இருந்தது. இடது கால் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. நாக்கு தடித்துப்போனது.

பக்கத்தில் கழுவி வடித்த முருங்கை இலை கூடை கூடையாக இருந்தது. அதை உடனே உலர்த்தும் அறைக்குள் கொண்டுபோய்த் தட்டுகளில் பரப்ப வேண்டும். அறை பூட்டியிருந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது. தரையில் கிடந்தபடி நான் சொன்ன ஒரே வார்த்தை, "இலை." ஆண்டவர் பெயர்கூட இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனால் சாட்சி என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டு அரசு அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். எந்தச் சான்றிதழுக்கு எந்தப் படிவம், எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சபையில் யாராவது ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல எழுந்தால், நான் மனதுக்குள் இணைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். மருத்துவர் சீட்டு உண்டா, தேதி பொருந்துகிறதா என்று. அப்படிப்பட்டவளை ஆண்டவர் சாட்சி எழுத வைத்துவிட்டார். அவருடைய நகைச்சுவையை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம் இந்தக் கூடத்தைத் தொடங்கினேன். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து முருங்கை இலை வரும். உருவி, உப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, அரைத்து, சலித்து, பொடியாக அனுப்புவோம். ஆறு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் முதலில் வந்தவள் செல்வி. தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தவள். எங்களிடம் வருவதற்கு முன்பு நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தாள். விடியுமுன்னே மில் வேன் வரும். திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். எங்கள் கூடத்தில் சேர்ந்த அன்று வேன் டிரைவரிடம், "இனி எங்க தெருவுல நிறுத்த வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய பொறுப்பாகத் தோன்றியது. பொறுப்பு என்றால் எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், எல்லாவற்றையும் நானே செய்வது.

செய்தேன். காலை நாலரைக்கு எழுந்து இலையை நானே பார்த்து வாங்குவேன். காய்ந்ததா என்று ஒவ்வொரு தட்டிலும் நானே கைவைத்துப் பார்ப்பேன். இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொடி பாக்கெட்டுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்தத் தீர்ப்பை என் கையைத் தவிர வேறு கைக்கு நான் கொடுக்கவில்லை. அரைக்கும்போது நிற்பேன். சீல் வைக்கும்போது நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஆசீர்வாதம் கூறுவதற்குக் கையை உயர்த்தும்போது நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். ஆசீர்வாதத்துக்கு முன் வெளியேறுவதை இரண்டு வருடம் நடைமுறையாகவே வைத்திருந்தேன்.

"சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க ஆபீசரம்மா, காலைல நான் தொறந்து பரப்பிக்கறேனுங்க" என்று செல்வி பலமுறை கேட்டாள்.

"பொறுப்பு ஒப்படைக்கணும்னா அதுக்கு ஒரு பதிவேடு போடணும். போட்டுட்டுத் தாரேன்" என்பேன். இரண்டு வருடமாக அந்தப் பதிவேட்டை நான் போடவில்லை. எத்தனையோ பேருக்குப் பதிவேடு போடக் கற்றுக்கொடுத்தவள்.

என் சிநேகிதி ரோஸ்லின், எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏன்க்கா இம்புட்டு அடிச்சிக்கிற? கவருமெண்டுல இருந்தப்பகூட நீ சனி ஞாயிறு லீவு எடுத்த. சொந்தமா தொழில் வச்சவ கதி இதுவா?"

"ஜெபம் பண்ணு, பெலன் கிடைக்கும்" என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான், அவளுக்குப் பதில் சொன்னது போல இருந்தது.

நானும் ஜெபம் பண்ணாமல் இல்லை. என் ஜெபம் மனு மாதிரி இருக்கும். பொருள், பார்வை, கோரிக்கை, உரிய நடவடிக்கை வேண்டி. "ஆண்டவரே, இன்னும் ஒரு வருடத்துக்கு இதே பெலனைத் தாரும்." மாதாமாதம் நினைவூட்டல் வேறு.

அந்த அக்டோபரில்தான் கோயம்புத்தூரில் சத்துமாவு செய்யும் ஓர் அம்மாவிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. சனிக்கிழமை மாலைக்குள் பொடி போய்ச் சேர வேண்டும். சரியாகச் செய்தால் வருடம் முழுக்க ஆறு பேருக்கும் வேலை. தவறினால் அந்தம்மா வேறு இடம் பார்த்துக்கொள்வார். அப்புறம் எனக்கு இரண்டு பேர் போதும். மற்ற நாலு பேர் மில் வேனை மறுபடி தெருவில் நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலையே இலை வந்து இறங்கியது. திங்கள் விடியலில் கழுவி முடித்தோம். ஏழரைக்கு நான் விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைப்பட்டிருக்கிறது என்றார்கள். நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தேன் என்றார்கள். ஸ்கேன், ஊசி, தீவிர சிகிச்சைப் பிரிவு. மருத்துவர் ஒரு சின்னப் பெண். என் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, ஒங்க ஒடம்பு ரெண்டு வருஷமா லீவ் லெட்டர் குடுத்துக்கிட்டே இருந்திருக்கு. நீங்க ஒரு தடவகூட சாங்ஷன் பண்ணல. இப்ப அதுவாவே மெடிக்கல் லீவுல போயிருச்சு."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை குழறியது. முப்பத்து நான்கு வருடத்தில் எதிர்ப்பேச்சு இல்லாமல் நான் ஏற்றுக்கொண்ட முதல் குறிப்பு அதுதான்.

படுத்தே கிடந்தேன். வெளியே மழை. திண்டுக்கல்லில் மழைக்கு நாம் ஏங்குவோம். அந்தச் செவ்வாய்க்கிழமை அதன் சத்தம் எனக்குச் சாவுமணி மாதிரி கேட்டது. கழுவிய இலை ஈரக்காற்றில் கூடையில் கிடந்தால் அரைநாளில் கறுத்துவிடும். ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. கண்ணை மூடினால் கறுத்த இலைதான் தெரிந்தது. அதன் பின்னால் செல்வி தெருமுனையில் வேனுக்கு நிற்பது தெரிந்தது.

ஜெபித்தேன். வழக்கம்போல மனுதான். "ஆண்டவரே, வியாழக்கிழமைக்குள் என் காலைத் திருப்பித் தாரும். வெள்ளி, சனி இரண்டு நாளில் எப்படியாவது முடித்துவிடுகிறேன்." தேதிவாரியாகத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். கால் அசையவில்லை.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்ததால் நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. "ஆண்டவரே, முடியல" என்றேன். அவ்வளவுதான். என் வாழ்நாளின் மிகச் சிறிய ஜெபம். அதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் தோன்றவில்லை.

தூங்கிவிட்டேன்.

தூக்கம் என்றால் சாதாரணத் தூக்கமில்லை. இரண்டு வருடமாக நான் படுத்தது உண்டு, கண்ணை மூடியது உண்டு, தூங்கியது இல்லை. யாரோ என்னைத் தூக்கி ஒரு மடியில் கிடத்தியது போல இருந்தது. விழித்தபோது கடிகாரம் ஆறைத் தாண்டியிருந்தது. அதே நர்ஸ் மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தாள். ஒருமுறை பார்த்துவிட்டு, நம்பாமல் மறுமுறை பார்த்தாள். "நல்லா எறங்கிருச்சும்மா" என்றாள். இடது காலின் பெருவிரல் போர்வைக்குள் அசைந்தது. நான் சொல்லாமலே அசைந்தது.

வெள்ளிக்கிழமை காலை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஊன்றுகோல். ஆட்டோவில் ஏறியதும் என் கணவரிடம், "நேரா கூடத்துக்குப் போங்க. அழுகினதை அள்ளிப் போடணும்" என்றேன்.

அவர் அதிகம் பேசாதவர். என்னோடு நாற்பது வருடம் வாழ்ந்தவருக்குப் பேச எங்கே இடம் கிடைத்திருக்கும்? டிரைவரிடம், "தம்பி, சர்ச்சுக்குப் போப்பா" என்றார்.

"எதுக்கு சர்ச்சுக்கு?"

"செத்த நேரம் வாய மூடிட்டு வா, ராணி."

தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தின் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. காய்ந்த முருங்கையின் பச்சை வாசனை. பிறகு கண்ணில் பட்டது. மண்டபம் முழுக்க வெள்ளைத் துணி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர்களாக வரும் பிள்ளைகளுக்குத் தைக்க வாங்கி வைத்திருந்த துணி. நான்தான் அதற்கு இருப்புப் பதிவேடு போட்டிருந்தேன். துவைத்து விரித்திருந்தார்கள். அதன்மேல் சுவருக்குச் சுவர் இலை. பச்சையாக. ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. மேலே எல்லா மின்விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் செல்வி முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் இலையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். ரோஸ்லின் ஓடிவந்து நாற்காலி போட்டாள்.

"சாவி இல்லாம..." என்றேன். நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

"சாவிக்கு எங்க போறது? அண்ணனக் கேட்டோம். 'அவ பையில இருக்கும், நாப்பது வருஷமா தொறக்காத பைய இப்பவா தொறப்பேன்'னுட்டாரு. ஆஸ்பத்திரில காப்பீட்டுக் கார்டு கேட்டதுக்கே பைய அப்படியே நர்சம்மாகிட்டக் குடுத்து 'நீங்களே எடுத்துக்கங்க'ன்னாராம்."

என் கணவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பூட்ட ஒடைக்கலாம்னு பாத்தோம்" என்று ரோஸ்லின் தொடர்ந்தாள். "நம்ம ஊரு பூட்டுக்கா. சுத்தியல்தான் ஒடஞ்சுச்சு."

"எங்கிட்ட ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாமே?"

செல்வி எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நான்தான் வேண்டாம்னு சொன்னேனுங்க. சாவி கேட்டா நீங்க எந்திரிச்சு வந்துருவீங்க. ஒத்தக் கால்லயாச்சும் வந்துருவீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அது உண்மை என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். சங்கிலி ஜெப அட்டவணை ஒட்டியிருந்தது. சபையில் யாருக்காவது பெரிய நோவு வந்தால் நாங்கள் சங்கிலி ஜெபம் வைப்போம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, மணிக்கு ஒருவராக மண்டபத்தில் அமர்ந்து ஜெபிப்பது. ஒருவர் மணி முடிந்ததும் அடுத்தவர் வந்து தோளைத் தொட வேண்டும். தொட்டபின்தான் முந்தியவர் எழ வேண்டும். தொட்டபின் உட்கார்ந்திருக்கவும் கூடாது. அந்த அட்டவணையின் படிவத்தை, நேரம், பெயர், கையொப்பம் என்று கட்டம் போட்டுத் தயாரித்தவளே நான்தான். வருடக்கணக்காக மற்றவர்களுக்காக நகல் எடுத்த படிவத்தில் இந்த முறை தலைப்பில் என் பெயர் இருந்தது.

"திங்கக்கிழமை ஒனக்காக சங்கிலி ஆரம்பிச்சோம்" என்றாள் ரோஸ்லின். "செல்வி வந்து வாசல்ல நிக்கிறா. எலையெல்லாம் வீணாப் போவுது, இங்க காத்தாடி இருக்கேங்குறா. போதகர் சரின்னுட்டாரு. எலைய மணிக்கு ஒருதரம் பெரட்டணுமாம். நாங்க மணிக்கு ஒருத்தர் ஒக்காரத்தான போறோம்? வாய் ஜெபம் பண்ணட்டும், கை பெரட்டட்டும்னு வச்சிக்கிட்டோம். சாயங்காலம் ஆறுக்கு அப்புறம் வாட்ச்மேன் அண்ணன் ரெண்டு தடவ பெரட்டுனாரு. அம்புட்டுத்தான், யாருக்கும் ஒண்ணும் வலிக்கல."

நான் அட்டவணையை வாசித்தேன். வாசிப்பது என் தொழில். கூடத்துப் பெண்கள் ஆறு பேர், ஐக்கியத்துப் பெண்கள் ஒரு டஜன் பேர். ஒவ்வொரு கட்டத்திலும் கையொப்பம். ஒரு மணிகூட விடுபடவில்லை. செவ்வாய்க்கிழமை வரிசையில் என் விரல் இறங்கியது. ஒன்று முதல் இரண்டு. இரண்டு முதல் மூன்று. மூன்று முதல் நான்கு: செல்வி.

விரல் அங்கேயே நின்றது.

"செவ்வாக்கெழம மூணு மணிக்கு நீ ஒக்காந்தியா?"

"ஆமாங்க."

"ஜெபம் பண்ணினியா?"

அவள் எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. வீட்டில் முருகன் படம் வைத்திருப்பவள். சங்கடப்பட்டாள். "எனக்கு உங்க ஜெபமெல்லாம் வராதுங்க. எலையப் பெரட்டீட்டே, 'சாமி, இந்தம்மா தூங்கோணும்'னு சொல்லீட்டே இருந்தேனுங்க. திரும்பத் திரும்ப அதையேதானுங்க."

"எந்திரிக்கணும்னு கேக்கலியா?"

"இல்லீங்க. எந்திரிக்கறதுதான் நீங்க எப்பவும் பண்றீங்களே. நீங்க தூங்கி நான் பாத்ததே இல்லீங்க."

சகோதரிகளே, நான் சான்று கேட்டே பழகியவள் என்று தொடக்கத்தில் சொன்னேன். சான்று என் கண் முன்னால் சுவரில் ஒட்டியிருந்தது. நேரம், பெயர், கையொப்பம். என்னுடைய சொந்தப் படிவத்தில். நான் என் காலைக் கேட்டு மனு போட்டு ஓய்ந்துபோன அந்த மணியில், மனு எழுதத் தெரியாத ஒருத்தி எனக்காகத் தூக்கத்தைக் கேட்டிருக்கிறாள். ஆண்டவர் என் மனுவை ஓரமாக வைத்துவிட்டு அவள் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதை எந்தக் கோப்பில் நான் வைப்பேன்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நினைக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறிகிறது.

ஊன்றுகோலை ஓரமாக வைத்து, குனிந்து ஒரு பிடி இலை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். நொறுங்கியது. நான் காயவைத்த எந்த இலையும் அவ்வளவு சுத்தமாக நொறுங்கியதில்லை.

அந்த மண்டபத்தில், வெள்ளைத் துணிக்கு நடுவில், நான் அழுதேன். என் கணவர் அப்போதுதான் என் கைப்பையை நீட்டினார். திறக்காமல், அப்படியே. நான் திறந்து சாவியை எடுத்துச் செல்வியின் கையில் வைத்தேன்.

"பதிவேடு?" என்றாள் அவள். வாய்க்குள் சிரிப்பு.

"போடி" என்றேன்.

வெள்ளி மத்தியானமும் சனிக்கிழமையும் கூடத்தில் அரைத்துச் சலித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் ரோஸ்லின் முறைப்பாள். கோயம்புத்தூர் அம்மாவுக்கு நானே போன் செய்து, இலை எங்கே எப்படிக் காய்ந்தது என்பதை மறைக்காமல் சொன்னேன். உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே உலர்த்தியது முறையல்ல என்று எனக்கே தெரியும். சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. அந்தம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பொடிய அனுப்புங்க, ஈரப்பதம் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார். சனி மாலை பார்சல் போய்ச் சேர்ந்தது. திங்கள் காலை போன் வந்தது. "போன சாம்பிளைவிட இது நல்லா காஞ்சிருக்கே, என்ன பண்ணினீங்க?"

என்ன பண்ணினோம்? நான் படுத்திருந்தேன்.

இப்போது எங்கள் கூடத்தில் அந்த அட்டவணைதான் ஓடுகிறது. மணிக்கு ஒருவர் பொறுப்பு. அந்த மணியில் இலையைப் பார்ப்பதும் போன் எடுப்பதும் கசக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் அவரே. அறைக்கு மூன்று சாவி; ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டுதான். சென்ற மாதம் இன்னொரு பெரிய ஆர்டர் வந்தது. அட்டவணையில் அதற்கு மணி இல்லை. எல்லாருமாகப் பேசி வேண்டாம் என்றோம். வானம் இடிந்து விழவில்லை. போதகர் ஆசீர்வாதம் கூறும்வரை நான் ஆராதனையில் நிற்கிறேன். இரண்டு வருடம் தவறவிட்ட அந்த வார்த்தைகள் எவ்வளவு நீளம் என்று நினைத்திருந்தேன்! செருப்பு மாட்டும் நேரம்கூட ஆகாது.

தொழில் நடத்துகிற, நடத்தப்போகிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பெலன் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், தவறில்லை. ஆனால் பதில் உங்கள் காலுக்குத்தான் வர வேண்டும் என்று முகவரி எழுதாதீர்கள். அது அடுத்தவள் கைக்கு வந்திருக்கலாம். சாவியை வைத்துக்கொண்டு நீங்கள்தான் அவளை வாசலில் நிறுத்தியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள். முடியவில்லை என்றால், முடியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் இணைப்பு எதுவும் கேட்பதில்லை.

இதைக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் மணி பத்து முதல் பதினொன்று. இடது கால் இன்னும் சற்றுப் பின்தங்கித்தான் வருகிறது, வரட்டும், அவசரமில்லை. இன்னும் இரண்டு வரி எழுதலாம் என்று பார்த்தேன். தோளில் ஒரு கை.

"எந்திரிங்க ஆபீசரம்மா. உங்க மணி முடிஞ்சுதுங்க."

எழுந்துவிட்டேன்.